விஸ்டன் அட்டையில் தொப்பிக்காரர்களைச் செதுக்கிய எரிக் ரவிலியஸ்

கேள்வி இது: விஸ்டன் கிரிக்கெட் ஆண்டுமலரின் மஞ்சள் அட்டையில் உயரத் தொப்பி போட்ட இரண்டு பேர் கிரிக்கெட் ஆடுவார்களே, அதை வரைந்தவர் யார், அவர் புத்தகத்துக்குப் படம் போடுபவரா, பெரிய ஓவியரா, போரில் இறந்தார் என்கிறார்களே உண்மையா?

பெயர் எரிக் ரவிலியஸ். ஆமாம், போரில்தான் இறந்தார், 39 வயதில். ஓவியரா படக்காரரா என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் நீளும், ஏனென்றால் இன்று அவரைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அவருடைய நீர்வண்ண ஓவியங்களுக்காகத்தான் கொண்டாடுகிறார்கள், மரச்செதுக்கை இளமையில் செய்த ஒரு துணைவேலை மாதிரி ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அவர் கையில் தூரிகை இருந்தாலும் உள்ளே வேலை செய்தது உளிதான்.

முதலில் விஸ்டன் கதையை முடித்துவிடுகிறேன். 1938இல் விஸ்டனின் 75ஆவது பதிப்பு வந்தது. அதற்கு முன்னால் அட்டை மஞ்சள், வெளிர்பழுப்பு, இளஞ்சிவப்பு என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. ராபர்ட் ஹார்லிங் என்ற அச்சு வடிவமைப்பாளர் புத்தகத்தின் தோற்றத்தையே மாற்றி, அட்டைக்கு ஒரு படம் செதுக்கித் தரச் சொல்லி ரவிலியஸிடம் போனார். அவர் கொடுத்தது விக்டோரியா காலத்து ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் மட்டையோடு, இன்னொருவர் ஸ்டம்புக்குப் பின்னால். அதற்கப்புறம் 2002 வரை வருடம் தவறாமல் அதே படம். 2003இல் அதை எடுத்துவிட்டு இங்கிலாந்து ஆட்டக்காரர் மைக்கேல் வான் புகைப்படத்தைப் போட்டார்கள், வாசகர்கள் சும்மா விடவில்லை, அடுத்த ஆண்டே புகைப்படத்தோடு சின்னதாக இந்தப் படமும் திரும்பி வந்தது. 2014 அட்டையில் டெண்டுல்கர், 2017இல் கோலி, இரண்டிலும் தொப்பிக்காரர்கள் ஓரமாக நிற்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

இப்போது இந்தச் செதுக்கு வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சடிப்பதில் இரண்டு வகை உண்டு. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியால் செதுக்குவது பழைய வகை, வூட்கட் என்பார்கள். ரவிலியஸ் செய்தது மற்றது. பாக்ஸ் என்ற மரத்தைக் குறுக்கே வெட்டி, அந்த வெட்டுமுகத்தைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இழைத்து அதில் செதுக்குவது. பாக்ஸ் ரொம்ப மெதுவாக வளரும் மரம், தண்டு ஒல்லி, அதனால் பெரிய பிளாக், அதாவது செதுக்கும் கட்டை, வேண்டுமென்றால் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டித்தான் செய்ய வேண்டும். ஆனால் நாரின் குறுக்கே போவதால் எந்தத் திசையில் உளி ஓட்டினாலும் மரம் சிலும்பாது, தலைமுடி அளவு கோடும் விழும்.

பிளாக்கைத் தோல் பையில் மணல் நிரப்பிய ஒரு திண்டின்மேல் வைப்பார்கள். உளியின் குமிழ் உள்ளங்கையில் அழுந்தி இருக்கும், விரல்கள் முனைக்குப் பக்கத்தில். வளைவான கோடு வேண்டுமென்றால் உளியைத் திருப்புவதில்லை, இடது கை பிளாக்கைத் திருப்பும், உளி நேராகவே போய்க்கொண்டிருக்கும். முக்கியமான விஷயம் அடுத்தது: செதுக்குவதற்கு முன்னால் பிளாக்கின் முகத்தில் மை பூசிக் கறுப்பாக்கிவிடுவார்கள். அப்படியே அச்சடித்தால் முழுக்கக் கறுப்புதான் வரும். உளி எங்கே படுகிறதோ அங்கே வெள்ளை. அதாவது இருட்டிலிருந்து ஆரம்பித்து வெளிச்சத்தை ஒவ்வொரு கீறலாக உள்ளே கொண்டுவர வேண்டும். பேனாவால் வரைகிறவன் நிழலைப் போடுகிறான், செதுக்குகிறவன் வெளிச்சத்தைப் போடுகிறான், தவறாகப் போட்ட வெளிச்சத்தை அழிக்கவும் முடியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூகாசிலில் தாமஸ் பியூக் இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனார், பிறகு அது பத்திரிகைகளுக்குப் படம் தயாரிக்கும் தொழிற்சாலை வேலையாகி, புகைப்பட பிளாக் வந்ததும் செத்துப்போனது. செத்துப்போன தொழிலைக் கலைஞர்கள் கையில் எடுத்தார்கள். 1920இல் லண்டனில் மரச்செதுக்குக் கலைஞர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள், க்வென் ராவராட், ராபர்ட் கிப்பிங்ஸ் எல்லாம் அதில் முதல் ஆட்கள்.

ரவிலியஸ் இந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறார். 1903 ஜூலை 22 அன்று லண்டன் ஆக்டனில் பிறந்தவர், வளர்ந்தது தெற்குக் கடற்கரை ஊரான ஈஸ்ட்போர்னில். அப்பா பழம்பொருள் கடை வைத்திருந்தார், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் பக்தி முற்றியவர், வியாபாரத்தில் திவாலானவர். பையன் உதவித்தொகையில் ஈஸ்ட்போர்ன் கலைப்பள்ளிக்கும், அங்கிருந்து 1922இல் இன்னொரு உதவித்தொகையில் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்கும் போனான். சேர்ந்தது ஓவியப் பிரிவில் அல்ல, வடிவமைப்புப் பிரிவில். இது முக்கியம், ஏனென்றால் தட்டு, அட்டை, சுவர், விளம்பரம் எதுவும் இவருக்குக் கீழான வேலையாகப் படவில்லை. அங்கே கிடைத்த நண்பர் எட்வர்ட் பாடன், கடைசிவரை கூடவே இருந்தவர். 1924இல் ஓவியர் பால் நாஷ் அங்கே பாடம் நடத்த வந்தார். அந்த வகுப்பைப் பற்றிப் பின்னாளில் எழுதும்போது திறமை ஒரேயடியாகக் கொப்பளித்த காலம் என்ற பொருளில் நாஷ் சொல்லியிருக்கிறார், மிகையில்லை. 1925இல் ரவிலியஸ் பெயரை மரச்செதுக்குச் சங்கத்துக்கு முன்மொழிந்ததும் அவர்தான்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் இவர் செதுக்கித் தள்ளினார். அச்சில் வந்த செதுக்குப் படங்கள் 400க்கு மேல். கோல்டன் காக்கரெல் அச்சகத்துக்காக 1932இல் ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்துக்கு, நான்சச் அச்சகத்துக்காக 1938இல் செல்போர்ன் பாதிரியார் கில்பர்ட் ஒயிட்டின் இயற்கைக் குறிப்புகளுக்கு, நடுவில் பஞ்சாங்கம், லண்டன் போக்குவரத்து விளம்பரம் என்று எதையும் விடவில்லை. இவர் படங்களை உருப்பெருக்கிப் பார்த்தால் ஒன்று தெரியும். புல்லுக்கு ஒரு வகைக் கீறல், வானத்துக்கு ஒன்று, துணிக்குப் புள்ளிகள், சுவருக்குக் குறுக்குக் கோடு, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். நிஜத்தில் புல் அப்படி இருக்காது, ஆனால் பக்கத்தில் மட்டும் வேறு கீறல் இருப்பதால் கண் அதைப் புல் என்று ஏற்றுக்கொள்ளும். ராவராட்டின் படங்களில் வெளிச்சம் இயல்பாக, மெதுவாகக் கரையும். ரவிலியஸுக்கு அந்தக் கரைதலில் ஆர்வமில்லை, அவருக்கு விளிம்பு வேண்டும், வடிவம் வேண்டும். சில சமயம் அலங்காரம் கூடிப்போய்த் திகட்டும், ஆரம்பகாலப் படங்களில் குறிப்பாக.

டிர்ஸா கார்வுட் பற்றிச் சொல்லாமல் போனால் அநியாயம். ரவிலியஸ் ஈஸ்ட்போர்ன் கலைப்பள்ளியில் பகுதிநேரமாகக் கற்பித்தபோது மாணவியாக வந்தவர், ராணுவ கர்னலின் மகள். செதுக்குவதில் ஆசிரியருக்குக் கொஞ்சமும் சளைத்தவரில்லை, மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர் என்ற வகையில் ஒரு படி மேல் என்றே சொல்வேன். 1930இல் கல்யாணம். அதற்குப் பிறகு டிர்ஸா செதுக்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டார், புத்தகம் கட்டுகிறவர்களுக்குப் பளிங்குக் கல் மாதிரி வண்ணக் கோலம் போட்ட தாள் செய்து விற்றார், வீடு, மூன்று குழந்தைகள். கணவருக்கோ டயானா லோவுடன் ஒரு காதல், பிறகு கவிஞர் லாரன்ஸ் பின்யனின் மகளும் செதுக்குக் கலைஞருமான ஹெலன் பின்யனுடன் ஆண்டுக்கணக்கில் இன்னொன்று. டிர்ஸாவுக்கும் வேறு காதல் உண்டு. கூட்டாளிகள் ‘பையன்’ என்றுதான் ரவிலியஸைக் கூப்பிடுவார்களாம். சீட்டியடித்துக்கொண்டு, யாரிடமும் முகம் சுளிக்காமல், தனக்குப் பிடித்ததை மட்டும் செய்துகொண்டு போன மனிதர், அந்தச் சுகத்துக்கான விலையை வீட்டில் இன்னொருவர் கொடுத்தார்.

சுவர் ஓவியங்களும் செய்தார், அதில் அவருக்கு அதிர்ஷ்டமே இல்லை. லண்டன் மார்லி கல்லூரியில் பாடனோடு சேர்ந்து இரண்டு வருடம் வரைந்தது 1940 குண்டுவீச்சில் போனது. மோர்கம்ப் ஊரின் மிட்லண்ட் ஹோட்டலில் 1933இல் வரைந்தது காயாத பூச்சினால் உரிந்தே போனது.

சரி, நீர்வண்ணத்துக்கு வருவோம். 1930களின் தொடக்கத்தில் ரவிலியஸும் பாடனும் எசெக்ஸ் கிராமமான கிரேட் பார்ட்ஃபீல்டில் பிரிக் ஹவுஸ் என்ற வீட்டைப் பகிர்ந்துகொண்டு போட்டி போட்டுக்கொண்டு வெளியே போய் வரைந்தார்கள். அப்புறம் 1934இலிருந்து, பெக்கி ஆங்கஸ் என்ற ஓவியத் தோழி சசெக்ஸ் குன்றடியில் வைத்திருந்த ஃபர்லாங்ஸ் என்ற குடிசை. அங்கேதான் தன் நிலத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அந்தக் குன்றுகள் சுண்ணாம்புக் குன்றுகள். மேலே மெல்லிய புல்தோல், கீழே வெள்ளை. மண்ணைக் கீறினால் வெள்ளைக் கோடு விழும்.

இதை யோசித்துப் பாருங்கள். உஃபிங்டன் வெள்ளைக் குதிரை மாதிரியான குன்று உருவங்கள் எல்லாம் என்ன? கறுத்த புல்லை வெட்டியெடுத்து அடியிலிருக்கும் வெள்ளையைத் தெரியவைத்தது. பிளாக்கில் உளி செய்யும் அதே வேலையை மலைச்சரிவில் செய்திருக்கிறார்கள். 1939இல் ரவிலியஸ் ஊர் ஊராகப் போய் வில்மிங்டன் நெடுமனிதன், வெஸ்ட்பரி குதிரை, செர்ன் ஆபஸ் அரக்கன் என்று வரிசையாக வரைந்தது வெறும் பழம்பெருமை ஆசை என்று நான் நம்பவில்லை, தன் தொழிலையே நிலத்தில் பார்த்திருக்கிறார். போர் தொடங்கியதும் எதிரி விமானத்துக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று உஃபிங்டன் குதிரையைப் புல்லால் மூடிவிட்டார்கள், அதனால் அவர் போனது கடைசி நேரத்தில்தான்.

அவர் நீர்வண்ணம் தீட்டிய விதமும் செதுக்குகிறவனுடையதுதான். வழக்கமான நீர்வண்ணக்காரர் ஈரத்தில் வண்ணத்தை ஓடவிடுவார், ஒன்றில் ஒன்று கலந்து மங்கும். ரவிலியஸ் காய்ந்த தூரிகையில் கோடு கோடாக இழுப்பார், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் தாள் வெறுமையாகத் தெரியும். அந்தத் தாளின் வெள்ளைதான் படத்தின் வெளிச்சம். அங்கே விட்டது, பூசியதில்லை. சரியாக வராததைக் கிழித்துப்போடுவார், அப்படிப் போனவை நிறைய.

ஒரு படத்தைக் கிட்டத்தில் பார்ப்போம், ‘ரயில் நிலக்காட்சி’, அபர்டீன் கலைக்கூடத்தில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டி, ஆள் யாரும் இல்லை. கதவில் 3 என்ற எண். ஜன்னலை ஏற்றி இறக்கும் தோல் வார், அதில் ஓட்டைகள். இருக்கைத் துணியின் நெய்த பூவேலை ஒவ்வொரு கண்ணியாக வரைந்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தூரத்துச் சரிவில் வெஸ்ட்பரி குதிரை, விரல்நகம் அளவில். கண் முதலில் குதிரைக்குப் போகாது, துணிக்குத்தான் போகும். உள்ளே மரமும் துணியும் அடர்த்தியான கோடு, வெளியே புல்வெளி ஐந்தாறு இழுப்பு. இந்தப் படம் இப்படி வந்ததற்குக் காரணம் டிர்ஸா. கணவருக்குத் திருப்தி தராத இரண்டு ஓவியங்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கியது அவர். இன்னொன்றும் உண்டு: அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னாலேயே டிர்ஸா ஒரு ரயில் பெட்டியைச் செதுக்கியிருக்கிறார், அதில் பெட்டி முழுக்க ஆட்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தம்பதியைப் பற்றி யாரும் எழுதியதைவிட அதிகம் தெரிகிறது.

வெட்ஜ்வுட் பீங்கான் நிறுவனத்துக்குச் செய்ததில் முடிசூட்டுக் கோப்பை கதை மட்டும் சொல்கிறேன். எட்டாம் எட்வர்டுக்காக வாணவேடிக்கையெல்லாம் போட்டு வடிவமைத்தார், கோப்பை கடைக்கு வந்த பிறகு 1936 டிசம்பரில் ராஜா பதவியைத் துறந்துவிட்டார். விற்பனையை நிறுத்தி, எழுத்தையும் ஆண்டையும் மாற்றி 1937இல் ஆறாம் ஜார்ஜுக்கு விட்டார்கள், 1953இல் இரண்டாம் எலிசபெத்துக்கும் அதே வடிவத்தை மாற்றி எடுத்தார்கள், அப்போது வரைந்தவர் உயிரோடு இல்லை. 1938இல் கடைத்தெருக் கடைகளை 24 கல்லச்சு (லித்தோகிராஃப்) படங்களாகப் போட்ட ஒரு புத்தகமும் வந்தது, அதன் அச்சுத் தகடுகள் குண்டுவீச்சில் அழிந்ததால் இன்று அதன் விலையைக் கேட்காமலிருப்பது நல்லது.

அவரைப் பழைய இங்கிலாந்தின் ஏக்கப் பாடகராக ஆக்கி நாட்காட்டியிலும் பாத்திரம் துடைக்கும் துண்டிலும் அச்சடித்து விற்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவர் குன்றுகளை வரைந்தபோது பக்கத்திலிருந்த சிமெண்ட் ஆலையையும் அதே அக்கறையோடு வரைந்தார். முள்கம்பி, துருப்பிடித்த உருளை, கைவிட்ட வண்டி, ஜன்னல் வழியே காலியான நாற்காலி. மனிதர்களை வரைய அவருக்கு அவ்வளவாக வராது, அதனால் விட்டுவிட்டார் என்றும் சொல்லலாம், ஆனால் ஆள் எழுந்துபோன இடத்தின் ஒரு விநோதம் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறது, அது ஏக்கம் இல்லை, கொஞ்சம் குளிரான விஷயம்.

போர் அவருக்கு அந்தக் குளிரையே பாடமாகக் கொடுத்தது. 1939 டிசம்பரில் அரசின் போர் ஓவியர்களில் ஒருவராகத் தேர்வானார், ராயல் மரைன்ஸில் கௌரவ கேப்டன் பதவியோடு கடற்படைக்கு. ரயில் வண்டியில் ஏற்றிவைத்த பிரம்மாண்டமான கப்பல் சுழலியைப் பனிக்கு நடுவில் வரைந்தார். வெடிக்காத கண்ணிவெடியைக் கடல் வற்றிய நேரத்தில் செயலிழக்கச் செய்யப் போகிறவர்களை வரைந்தார். 1940இல் ஹைலாண்டர் என்ற நாசகாரிக் கப்பலில் நார்வே பக்கம், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே போனார். நள்ளிரவுச் சூரியனில் குளோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பார்த்து வரைந்தார். அந்தக் கப்பலை 1940 ஜூன் 8 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் மூழ்கடித்தன, துணைக்குப் போன இரண்டு நாசகாரிகளையும் சேர்த்து 1,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓவியத்தில் கடல் தகதகக்கிறது, விமானங்கள் பூச்சிகள் மாதிரி சுற்றுகின்றன, பயம் என்று எதுவும் இல்லை. இது ஒரு குறை என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு, போரை அழகாக்கிவிட்டார் என்று. ஓரளவு நியாயம்தான். ஆனால் அவர் எழுதிக் காட்ட வந்தவரில்லை, பார்த்த வெளிச்சத்தைக் குறித்துக்கொண்டவர், பெரிய இயந்திரம் வெறும் கடலில் எவ்வளவு சின்னது என்பதை அவரைப் போல எவரும் காட்டவில்லை. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் உட்கார்ந்து வரைந்ததைக் கல்லச்சுத் தொடராகப் போட, போர் ஓவியர்களுக்கான அரசுக் குழு செலவுக்குத் தயங்கியதும் சொந்தக் காசைப் போட்டு அச்சடித்தார்.

1942 வசந்தத்தில் டிர்ஸாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தது. ரவிலியஸ் கொஞ்ச காலம் வீட்டுக்குப் பக்கத்து விமானத்தளங்களில் வரைந்துகொண்டிருந்தார். டிர்ஸா தேறியதும் ஐஸ்லாந்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், வடக்கு அவருக்கு நெடுநாள் ஆசை. ஆகஸ்ட் 28 கிளம்பினார். கல்டடார்னெஸ் விமானத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஹட்சன் விமானம் காணாமல் போயிருந்தது. செப்டம்பர் 2 அன்று அதைத் தேட மூன்று ஹட்சன்கள் புறப்பட்டன, ஒன்றில் இவரும் ஏறிக்கொண்டார். அந்த விமானமும் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அந்தப் போரில் பணியிலிருந்தபோது இறந்த முதல் பிரிட்டிஷ் போர் ஓவியர் இவர், பெயர் சாத்தம் கடற்படை நினைவுச்சின்னத்தில் இருக்கிறது.

பிறகு நீண்ட மறதி. நிறையப் படங்கள் பாடன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன, 1970களில் ரவிலியஸின் பிள்ளைகள் மூலம்தான் வெளியே வந்தன. டிர்ஸா 1951இல் இறந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுக்கையில் எழுதிய தன்வரலாறு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அச்சேறியது, கூசாமல், சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார், கணவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் அதிகம் நம்புவது அதைத்தான். டிர்ஸாவின் படங்களை முன்னிறுத்திய ஒரு பெரிய கண்காட்சி 2024இல்தான் லண்டன் டல்விச் கலைக்கூடத்தில் நடந்தது.

பார்க்க வேண்டுமென்றால் ஈஸ்ட்போர்னின் டவ்னர் கலைக்கூடத்தில்தான் பெரிய தொகுப்பு. போர் ஓவியங்கள் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில், அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். இறந்து 70 ஆண்டு ஆகிவிட்டதால் பிரிட்டனில் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் நல்ல தெளிவில் தாராளமாகக் கிடைக்கின்றன. எல்லாரும் நீர்வண்ணத்தில் ஆரம்பிக்கிறார்கள், நீங்கள் கில்பர்ட் ஒயிட் புத்தகத்துக்கான செதுக்குப் படங்களில் ஆரம்பியுங்கள். அவற்றைப் பெரிதாக்கி ஒவ்வொரு கீறலாகப் பார்த்துவிட்டு, உடனே 1939 குன்று ஓவியங்களைத் திறங்கள். நான் சொன்னது சரியா, இல்லை எனக்கு உளிப் பைத்தியமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.